செங்கல்வராயனைத் தூக்கிய கைகள்

முதுகு வரை தொங்கும் முடியை அள்ளிக் கொண்டை போட்டு, அதன்மேல் துண்டை இறுக்கிக் கட்டிய பிறகுதான் செங்கல்வராயன் தறியின் சுவிட்சைத் தட்டுவார். ஓடுகிற தறியில் ஒரு கற்றை சிக்கினால் தலையையே இழுத்துக்கொள்ளும். ஆந்திர எல்லையோர நகரியில் பவர்லூம் ஓட்டும் நாற்பது வயது கடந்த ஆளுக்கு எதற்கு இந்த முடி என்று ஊரில் யாரும் குழம்பியதில்லை. திருப்பதிக்கு வேண்டிக்கொண்டு வளர்க்கிறார் என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். "தலநீலாலு எப்புடன்னா?" என்று, முடி காணிக்கை எப்போது என்பதைத் தெலுங்கில் விசாரிப்பார்கள். "சாமி இன்னும் கூப்புடல" என்பார்.

எதிர்வீட்டுக்காரனான எனக்கு விஷயம் தெரியும். அந்த முடி, கிடாரும் டிரம்மும் காதைக் கிழிக்கும் ஹெவி மெட்டல் கச்சேரிகளில் தலையைச் சுழற்றுவதற்காக வளர்ந்தது.

புத்தூர் செல்போன் கடையில் சினிமாப் பாட்டு கேட்டு மெமரி கார்டு கொடுத்தாராம். கடைக்காரன் வேறு யாருக்கோ எடுத்து வைத்திருந்ததை ஏற்றிக் கொடுத்துவிட்டான். "மொத நாளு திட்டிக்கினே கேட்டேன் சார். ஆனா தறி ஓட்ற எடத்துல வேற எந்தப் பாட்டும் காதுல வுழாது. இது ஒண்ணுதான் தறிய மீறிக்கினு வந்துச்சி." ஒரு வாரத்தில் திட்டுவது நின்றது. பாடுகிறவர்கள் எந்த நாட்டுக்காரர்கள், என்ன சொல்லிக் கத்துகிறார்கள் என்பதெல்லாம் இன்றுவரை அவருக்குப் பாதிதான் தெரியும். "கோவமா பாட்றான். ஆனா கேட்டு முடிச்சா நம்ம கோவம் போயிடுது" என்பார்.

முதல் கச்சேரிக்கு பெங்களூருக்குத் தனியாகப் போனார். பெரிய இடத்துக் கச்சேரி என்று தேய்த்த வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. மைதானம் முழுக்கக் கருப்புச் சட்டை. "காக்கா கூட்டத்துல கொக்கு மாதிரி நின்னேன். அடிக்கப் போறானுங்கன்னு பாத்தா, நிக்க வச்சி போட்டோ எடுத்துக்கினானுங்க." மேடைக்கு முன்னால் வட்டம் கட்டிக்கொண்டு ஒருவர் மேல் ஒருவர் மோதி ஆடுவதை அன்றுதான் பார்த்தார். பயந்து ஓரமாக நின்றவருக்கு ஒன்று கண்ணில் பட்டது. "மோதிக்கினே கீறானுங்க. ஆனா எவனாச்சும் கீழ வுழுந்தா நாலு பேர் ஓடியாந்து தூக்கி நிறுத்தறான். தூக்கிட்டு திரும்பியும் மோதறான்!" இதைச் சொல்லும்போதெல்லாம் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். அடுத்த பாட்டுக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் வட்டத்துக்குள் இறங்கினார்.

அதிலிருந்து வருடத்துக்கு ஒன்றிரண்டு கச்சேரி. சென்னை என்றால் நகரி ஸ்டேஷனில் ரயில் ஏறுவார். பெங்களூர் என்றால் திருப்பதி போய்ப் பஸ். திரும்பும்போது மண்டையோட்டுப் படம் போட்ட சட்டையும் தொண்டை கட்டிய குரலுமாகத் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் நிற்பார். மலையிலிருந்து இறங்கியவர்கள், தரிசனம் நன்றாக ஆயிற்றா என்று கேட்டால், "பாகா அயிந்தி" என்று மனதாரச் சொல்வார். அவருடைய மனைவி வசந்தாவுக்கு மட்டும் இந்தக் கூத்து பிடிக்கவில்லை. "காசு குடுத்து அடி வாங்கினு வர்ற ஆளு இந்த ஜில்லாவுலயே இவர் ஒருத்தர்தான்" என்று எல்லோரிடமும் சொல்வாள்.

சென்ற ஆண்டு பெங்களூர்க் கச்சேரியில், பாட்டு நடுவே அவருக்கு நெஞ்சை அடைத்தது. கை மரத்து, அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான்கு பக்கமும் ஆயிரக்கணக்கில் ஜனம். ஆம்புலன்ஸ்காரர்கள் மேடைத் தடுப்புக்கு அந்தப் பக்கம். நடத்திக் கூட்டிப்போக வழியே இல்லை. பக்கத்தில் இருந்தவன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கத்தினான். அடுத்த நொடி அவரைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டார்கள். கைமாற்றிக் கைமாற்றி, கூட்டத்தின் மேலாகவே அவர் தடுப்புவரை போய்ச் சேர்ந்தார்.

"கண்ண மூடிக்கினேன் சார். முதுகுல கை, கால்ல கை, தலைக்குக் கீழ ஒரு கை. ஒரு கை வுட்டா இன்னொரு கை புடிக்குது. பாட்டையே நிறுத்திட்டானுங்க. அவ்ளோ பெரிய ஆளுங்க, எனக்காக நிறுத்துனாங்க."

கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவர் போனிலிருந்தே யாரோ வசந்தாவுக்குத் தகவல் சொல்லியிருந்தார்கள். அவள் கார் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் மூன்று பையன்கள். "கருப்புச் சட்டை, மண்டையோடு, காதுல வளையம். எமனோட ஆளுங்கதான் முன்னாடியே வந்து குந்தினு கீறாங்கன்னு நெனச்சேன்" என்றாள் என்னிடம். அதில் ஒருவன் எழுந்து, "அங்கிள் ஓகே ஆன்ட்டி, பொழைச்சிட்டாரு" என்று அவளை உட்கார வைத்தான். அவள் உள்ளே போய்க் கணவரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது மூவரும் போய்விட்டிருந்தார்கள். பெயர்கூடக் கேட்கவில்லை.

அன்று பெங்களூருக்குப் போகும் வழியில், சித்தூரைத் தாண்டும்போது காரில் வைத்தே அவருடைய முடியைத் திருமலைக்கு வேண்டிக்கொண்டிருந்தாள் வசந்தா. உடம்பு தேறியதும் செங்கல்வராயன் மறுபேச்சில்லாமல் மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஊர்க்காரர்களுக்குத் திருப்தி. "வருத்தமா?" என்று கேட்டேன். "உசுர காட்டியும் முடி பெருசா சார்?" என்று தலையைத் தடவிக்கொண்டார்.

கச்சேரி போதும் என்று அவரே ஒதுங்கியும்விட்டார். வசந்தாதான் விடவில்லை. அதே மைதானத்தில் இந்த ஆண்டும் கச்சேரி என்று தெரிந்ததும், "போய்த்தான் ஆவணும். அந்தப் பசங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாத எப்டி இருக்கறது?" என்றாள். டாக்டரும் கூட்டத்தில் நெருக்காமல் ஓரமாக நிற்கலாம் என்றார். நானும் கூடப் போனேன்.

வெயில் இறங்கும் நேரம். ஆரஞ்சு நிற நூல் சேலையில் வசந்தா கருப்புச் சட்டைகளுக்கு நடுவே ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நடந்தாள். எல்லோருக்கும் தாடி, எல்லோருக்கும் வளையம். மேடையில் டிரம் அதிரத் தொடங்கியதும் செங்கல்வராயன் குட்டையாக முடி முளைத்திருந்த தலையை மெல்ல ஆட்டிக்கொண்டார். அந்த மூன்று பேர் கிடைக்கவேயில்லை.

"இத்தினி பேர்ல எவன்னு தேடுவ வசந்தா? அந்த மூணு பேர் மட்டுமா? மேடை வரிக்கும் நின்ன அத்தினி பேரும் தூக்குனாங்க" என்றார் அவள் காதருகே.

அவள் நின்றுவிட்டாள். பக்கத்தில் ஒரு பையன். முழங்கையிலிருந்து விரல்வரை பாம்பு பச்சை குத்தியிருந்தான். நடுத்தர வயதுப் பெண்மணியைக் கண்டதும் வழிவிட்டு ஒதுங்கினான். வசந்தா அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்து, கற்பூரத் தட்டைத் தொட்ட கையைப்போல, தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். அவன் ஒன்றும் புரியாமல் அப்படியே நின்றான். அவள் அவனை விட்டுவிட்டு, அவனுக்கு அடுத்து நின்றவனின் கைகளைப் பிடித்தாள்.