நீலத் துணிக்குள் அக்கா

அந்த நீலத் துணியைக் கடையில் பார்த்து வாங்கியது, வெட்டியது, தைத்தது எல்லாமே அக்காதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் சொல்லலாம் என்று தள்ளி வைத்தால் எனக்கு வாய் வராது.

தொண்ணூறுகளின் கடைசி. மலாக்கா டவுனில் ஒரு தனியார் கல்லூரியில் மல்டிமீடியா டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தேன். கடைசி செமஸ்டரில் மூன்று பேராகச் சேர்ந்து மூன்று நிமிடப் படம் ஒன்று எடுக்க வேண்டும். அதில் கண்ணை ஏமாற்றுகிற கிராஃபிக்ஸ் வேலை கட்டாயம் இருக்க வேண்டும். எங்கள் குழுவில் நான், சொந்தமாக வீடியோ கேமரா வைத்திருந்த நண்பன், டவுன்காரப் பெண் ஒருத்தி. நடிக்கப் போவது அவள். கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வேலைக்கு நடந்து போகிற ஒரு பெண் திடீரென்று தரையில் கால் படாமல் மிதக்கிறாள், மிதந்தபடியே போய்ச் சேருகிறாள். அவ்வளவுதான். எங்களுக்கு அதுவே இமயமலை.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு செங் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போனாள். ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் நாடகம் என்றால் முதல் ஆளாக நிற்பாள். ராணி வேஷம் கொடுத்தாலும் சரி, காவல்காரன் வேஷம் கொடுத்தாலும் சரி, வீட்டுக்கு வந்து மொத்த நாடகத்தையும் எங்களுக்கு ஒரு தடவை நடித்துக் காட்டிவிட்டுத்தான் சோறு தின்பாள். நான் படம் எடுக்கப் போகிறேன் என்று தெரிந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"டேய், என்னையும் ஒரு தடவை போடுடா. ஒரு ஓரமா நின்னாக்கூட போதும்லா. ஸ்கிரீன்ல என் மூஞ்சிய நான் பாக்கணும்."

"கண்டிப்பாக்கா," என்றேன். சொல்லுக்கென்ன, வாயிலிருந்து சும்மா வருவதுதானே.

மிதக்கிற வித்தை இதுதான். கேமராவை ஸ்டாண்டில் அசையாமல் நிறுத்தி, முதலில் ஆளே இல்லாத இடத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்து அதே இடத்தில் உச்சி முதல் பாதம் வரை நீலத் துணி போர்த்திய ஒருவர் பின்னால் நின்று நாயகியை இடுப்பில் பிடித்துத் தூக்க வேண்டும். அப்புறம் கம்ப்யூட்டரில் நீலம் இருக்கிற இடத்தையெல்லாம் எடுத்துவிட்டு, அங்கே முதலில் எடுத்த வெறும் இடத்தை வைத்துவிட்டால் தூக்கியவர் இருக்கமாட்டார். நாயகி அந்தரத்தில் நிற்பாள்.

தூக்குவது யார்? நண்பன் கேமராவை விட்டு நகர முடியாது. நான் தூக்குகிறேன் என்றால் அந்தப் பெண் முறைத்தாள். "எங்கம்மா பாத்தா உன் தோலை உரிச்சிருவாங்க." சரி, ஒரு பெண்பிள்ளைதான் வேண்டும், தெம்பாகவும் இருக்க வேண்டும். ஃபேக்டரியில் பெட்டி பெட்டியாகத் தூக்கி அடுக்கிப் பழகிய ஆள் எங்கள் வீட்டிலேயே இருந்தாள்.

"அக்கா, உனக்கு ஒரு வேஷம் இருக்கு," என்றேன். வேஷம்! அந்தச் சொல்லைப் போட்ட என் வாயில் வசம்பைத்தான் வைத்துத் தேய்க்க வேண்டும். அக்காவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பளபளப்பு இல்லாத நீலப் பருத்தித் துணியாகப் பார்த்து வாங்கி வந்து, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தலைமூடியோடு முழு அங்கியும் தைத்து முடித்தாள். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. போட்டுப் பார்க்கும்போதுதான் கேட்டாள்.

"ஏண்டா, மூஞ்சி தெரியாதே?"

"அதெல்லாம் கம்ப்யூட்டர்ல பாத்துக்கலாம்லா."

அவள் தலையாட்டினாள். கம்ப்யூட்டரில் அவள் முகத்தை எடுத்து ஒட்டிவிடுவோம் என்று புரிந்துகொண்டாள் என்பது அந்த நிமிடமே எனக்குத் தெரியும். திருத்தவில்லை. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மிச்சத் துணியை எடுத்துக்கொண்டு நாங்கள் மூவரும் முதலில் செர்காம் கடற்கரைக்குத்தான் ஒத்திகைக்குப் போனோம். நண்பன் துணியைப் போர்த்திக்கொண்டு தண்ணீரோரம் குரங்கு மாதிரி குதித்தான், நான் படம் பிடித்தேன். மறுநாள் கம்ப்யூட்டரில் நீலத்தை எடுத்தால் அவன் போனான், கூடவே வானமும் போனது, பாதிக் கடலும் போனது. துணி நீலம் வேறு, வானத்து நீலம் வேறு என்று அதற்கு எப்படித் தெரியும்? வெறும் இடத்தை அங்கே வைத்துப் பார்த்தாலும், அதற்குள் மேகமும் அலையும் நகர்ந்துவிட்டதால் ஒட்டவில்லை. லெக்சரர் வயிறு குலுங்கச் சிரித்தார். அதனால் வானமே தெரியாத இடமாகத் தேடி, பெம்பான் பக்கம் ஒரு ரப்பர் காட்டுக்கு மாறினோம்.

எடுத்த நாள் ஒரு சனிக்கிழமை. நாங்கள் மூவரும் நண்பன் வீட்டு வேனில் போனோம். இரவு ஷிப்ட் முடித்த அக்கா வீட்டுக்குக்கூடப் போகாமல், இரண்டு பஸ் மாறி, அங்கிருந்து நடந்து வந்தாள். ஃபேக்டரிச் சட்டை, ரப்பர் செருப்பு, ஒரு கையில் நீல அங்கி, மறு கையில் எங்கள் எல்லாருக்கும் தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக் பொட்டலங்கள். தூரத்திலிருந்தே "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று சத்தம் போட்டுக்கொண்டு வந்தாள்.

"யாரு இவங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"பக்கத்து வீட்டு அக்கா," என்றேன்.

ஏன் சொன்னேன்? இத்தனை வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். சுற்றி வளைப்பானேன், வெட்கம்தான். கல்லூரியில் அளந்து அளந்து இங்கிலீஷ் பேசிக்கொண்டு, டவுன்காரன் மாதிரி நடந்துகொண்டிருந்தேன். அந்தச் செருப்பையும் அந்தச் சத்தத்தையும் என் சொந்தம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவள் சம்பளத்தில்தான் நான் அந்தக் கல்லூரியிலேயே இருந்தேன். உப்புப் போட்டுத்தான் சோறு தின்றேன், ரோஷம் மட்டும் ஒட்டவில்லை.

அக்கா ஒரு மரத்துக்குப் பின்னால் போய் அங்கியைப் போட்டுக்கொண்டாள். தலைமூடியை இழுப்பதற்கு முன்பு பார்த்தேன். பவுடர் பூசி, பொட்டு வைத்து, லிப்ஸ்டிக்கும் போட்டிருந்தாள்.

காலையிலிருந்து மத்தியானம் வரை தூக்கினாள். ரப்பர் காட்டுப் புழுக்கம், கொசு, மேலே மொத்தத் துணி. அந்தப் பெண்ணுக்கு இடுப்பில் கூசும், சிரித்துவிடுவாள், மறுபடியும் தூக்க வேண்டும். "இன்னொரு தடவை," "இன்னும் கொஞ்சம் ஒசத்தி," என்று நான் கத்திக்கொண்டே இருந்தேன். அக்கா என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது, நம் ஊரில் எல்லாரும் அக்காதானே. கள்ள மனசு. கடைசியில் தலைமூடியைக் கழற்றி வீசிவிட்டு, முகமெல்லாம் வேர்வை வழிய, கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

கம்ப்யூட்டர் லேபில் அடுத்த வேலை. நீலத்தை மெஷின் அதுபாட்டுக்கு எடுத்துவிட்டது. ஆனால் வேர்த்து நனைந்த இடங்களில் துணி கறுத்துப் போயிருந்தது இல்லையா, அது மெஷினுக்கு நீலமாகப் படவில்லை. அக்குளில் ஒரு திட்டு, நெஞ்சில் ஒரு திட்டு, முதுகில் ஒரு திட்டு. ஆள் இல்லை, வேர்வை மட்டும் காற்றில் தொங்கியது. அதை ஒவ்வொரு படமாகக் கையால்தான் அழிக்க வேண்டும். ஒரு நொடிக்குப் பதினைந்து படம். மூன்று வாரம் உட்கார்ந்து என் அக்காவின் வேர்வையை நான்தான் அழித்தேன். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சுத்தமாக வருகிறதே என்று பெருமையாக இருந்தது.

நண்பன் நல்லவன். "அந்த அக்கா சிரிக்கிறதைக் கடைசியில, பேரு போடற இடத்துல வைப்போம்டா. பாவம், எவ்வளவு தூக்குனாங்க," என்றான். நான் வேண்டாம் என்றேன். படத்தின் மாயம் கலைந்துவிடுமாம். அப்படியொரு வியாக்கியானம். அவன், "அப்போ பேராவது போடு," என்றான். அங்கேதான் சிக்கல். எங்கள் நாட்டில் ஆளுடைய பேரோடு அப்பா பேரும் வால் மாதிரி சேர்ந்தே வரும், இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று. என் பேருக்குக் கீழே அக்கா பேர் வந்தால் இரண்டு வரியிலும் ஒரே அப்பா. குட்டு உடைந்துவிடும். "முழுப்பேரு தெரியலைடா," என்று சொல்லிவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

திரையிடல் கல்லூரி மண்டபத்தில், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். அதற்கு முந்தின வாரம் முழுக்க அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள், "எப்படிடா வந்திருக்கேன்?" என்று. "வந்து பாரேன்," என்பேன். ஒரே ஒரு வாக்கியம், "நீ தெரியமாட்டேக்கா", அதைச் சொல்லியிருந்தால் அவள் கொஞ்சம் திட்டியிருப்பாள், வராமல் இருந்திருப்பாள். அதைச் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. அவள் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்தாள். மாம்பழ நிறத்தில் புதுப் பஞ்சாபி சூட், தலை நிறையப் பூ. தனியாக வரவில்லை. கூட வேலை செய்கிற இரண்டு பேரையும் அழைத்து வந்திருந்தாள், ஒரு தமிழ் அக்கா, ஒரு மலாய்க்கார அக்கா. தம்பி எடுத்த படம், நான் நடித்த படம் என்று சொல்லித்தான் கூட்டி வந்திருப்பாள்.

அவர்கள் உட்கார்ந்திருந்த வரிசைக்குப் பக்கத்தில் நான் சுவரோரமாக நின்றேன். விளக்கை அணைத்தார்கள். ரப்பர் மரங்களுக்கு நடுவே அந்தப் பெண் நடந்து வந்தாள், மெல்ல எழும்பினாள். மண்டபம் முழுக்கக் கைதட்டல். யாரோ விசிலடித்தார்கள். அந்தக் கைதட்டலுக்கு நடுவே மலாய்க்கார அக்கா குனிந்து, "மானா காவு?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. நீ எங்கே என்கிறாள். அக்கா திரையைக் காட்டி, அந்தப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் விரலை நீட்டி, "சித்து," என்றாள். அங்கே. அங்கே ஒரு ரப்பர் மரமும் கொஞ்சம் புல்லும் இருந்தன.

அப்புறமும் அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் மூன்று பேர் பெயரும் வந்து போகும் வரை பார்த்தாள். கடைசிப் பெயரும் போய்த் திரை கறுத்த பிறகுதான் கையை மடியில் போட்டாள்.

வெளியே வந்ததும் அந்தப் பெண் ஓடி வந்து அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவள்மேல் ஒரு தப்பும் இல்லை, அவளுக்குத் தெரிந்ததை அவள் பேசினாள்.

"அக்கா, நீங்க இல்லன்னா நான் பறந்தே இருக்க மாட்டேன். ரொம்ப தேங்க்ஸ்கா. நீங்க இவனோட பக்கத்து வீடுதானே?"

கூட வந்த தமிழ் அக்கா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அக்கா ஒரு கையை விடுவித்து அந்தத் தோழியின் கையை அழுத்திப் பிடித்தாள்.

"ஆமாம்மா, பக்கத்து வீடுதான்."

என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். என்னத்தைச் சொல்ல, லெக்சரர் கூப்பிட்டார், அந்தச் சாக்கில் நகர்ந்துவிட்டேன். திரும்பி வந்தபோது மூன்று பேரும் பஸ் ஏறிப் போயிருந்தார்கள். வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் அம்மா, "உன் மூஞ்சி நல்லா விழுந்திருந்துச்சாடி?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். "நல்லா இருந்துச்சும்மா, எல்லாரும் கைதட்டுனாங்க," என்றாள் அக்கா. எனக்குச் சோறு போட்டு வைத்திருந்தாள்.

ரப்பர் காட்டிலேயே நான் சொன்னது அவள் காதில் விழுந்ததா, இல்லை அன்றைக்குத்தான் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. கேட்டதில்லை. மன்னிப்பும் கேட்டதில்லை. அவளும் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

போன வருடம் அவளுக்கு முழங்கால் வலி என்று கிளினிக்குக் கூட்டிப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் என்னைப் பார்த்து, இவங்களுக்கு நீங்க என்ன வேணும் என்று கேட்டாள். என்னைத்தான் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டு, அவசர அவசரமாகச் சொன்னாள்:

"தம்பி. என் கூடப் பிறந்த தம்பி."

நான் முந்திக்கொண்டு வேறு ஏதாவது சொல்லிவிடுவேனோ என்கிற அவசரம் அது.