ஐயாயிரம் ரூபா டிப்ஸ்

எங்க கடையில டிப்ஸ் குடுக்கணும்னு ஒரு கட்டாயமும் இல்ல. கேஷியர்கிட்ட காசக் கட்டிட்டு, தட்டத் தூக்கிக்கிட்டு, சோறு கறிய அவங்கவங்களே போட்டுக்கிற எடம். பால் ஊத்தாத பிளேன்டீ கொண்டு போய் வைக்கிறது, தட்ட எடுக்கிறது, மேசையத் தொடைக்கிறது, அவ்வளவுதான் எங்க வேல. திம்புள்ளப் பக்கம் நீர்வீழ்ச்சி பாக்க வர்ற வேன் எல்லாம் எங்க வாசல்லதான் நிக்கும். வெள்ளக்காரங்க சோசருக்கு அடியில எதையாச்சும் வச்சிட்டு, சரியா தப்பான்னு திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போவாங்க. நம்ம தேயிலத் தோட்டத்து ஆளுங்க புள்ளைங்க பாஸான சந்தோசத்துல எப்பயாச்சும் வந்தாங்கன்னா, எச்சித் தட்ட எங்கள எடுக்கவே விடமாட்டாங்க. அவங்களே அடுக்கி, டிஸ்யூவால மேசையையும் தொடச்சிட்டு, "எவ்வளவுங்க குடுக்கணும்?"னு காதுக்குள்ள கேப்பாங்க. ஒண்ணும் வேணாங்க, போய்ட்டு வாங்கன்னு வெரட்டாத கொறையா அனுப்பி வைப்பேன்.

எது வந்தாலும் கேஷியர் பக்கத்துல இருக்கிற பெட்டியில போடணும். சனிக்கிழமைல கோப்பை கழுவுறவர் வரைக்கும் பங்கு பிரிப்பாங்க. அதான் எங்க கடைச் சட்டம்.

தோட்டத்துல எங்க பக்கத்து லயத்து வீட்டுப் புள்ள ஒருத்திய நான்தான் அங்க வேலைக்குச் சேத்துவிட்டேன். ஏ.எல். பரீட்சை எழுதிட்டு சும்மா இருந்தவ. துருதுருன்னு இருப்பா, வாயும் ஜாஸ்தி. அவ சேந்து கொஞ்ச நாள்ல ஒரு ஐயா வர ஆரம்பிச்சாரு. கொழும்பு வண்டி, இஸ்திரி கலையாத சட்டை, நல்ல தமிழ். மொத வாரம் அவ எடுத்த சோசருக்கு அடியில ஆயிரம் ரூபா. சரி, மனுசன் தாராளம்னு நெனச்சேன். அடுத்த வாரம் வேற மேசை காலியா கெடந்தும் அவ பாக்கிற மேசையில போய் உக்காந்தாரு. போகும்போது ஐயாயிரத்த நாலா மடிச்சு அவ கையில வச்சு, விரல மூடி விட்டாரு. "இது பெட்டிக்கு இல்ல தங்கச்சி, உங்களுக்கு"ன்னாரு.

ஒரு பிளேன்டீ கொண்டு போய் வச்சதுக்கு எவன்டா ஐயாயிரம் குடுப்பான்? எங்க மேல் லயத்துல ஒரு புள்ள இப்பிடித்தான் யாரோ நல்லவரு கூப்பிட்டாருன்னு வேலைக்குப் போனா. திரும்பி வந்தப்ப அவ யார் மொகத்தையும் பாக்கல, இன்னைக்கு வரைக்கும் பாக்கல. அத இவகிட்ட சொன்னா, "உங்களுக்குக் கெடைக்கலன்னு பொறாம அக்கா"ங்கிறா. அறையலாமான்னு வந்துச்சு. மெனேஜர் மாத்தயாகிட்ட போய்ச் சொன்னேன். கஸ்டமர் சந்தோசமா குடுக்கிறாரு, உனக்கென்னன்னு கேட்டாரு.

அதுக்கடுத்த வாரம் நான் பக்கத்து மேசையத் தொடச்சிக்கிட்டு இருக்கேன். அந்தாளு கொரல எறக்கி அவகிட்ட பேசுறான். "பெரிய ஹோட்டல்ல வேல, தங்குற எடம் எல்லாம் குடுப்பாங்க. இன்னைக்கே வந்தீங்கன்னா நானே கூட்டிட்டுப் போய் விட்டுருவேன். வீட்டுக்கு அப்புறம் சொல்லிக்கலாம்." இவ தலைய ஆட்டுறா! கையில இன்னொரு ஐயாயிரம்.

தொடைக்கிற துணி என் கையில அப்பிடியே நின்னு போச்சு. சண்ட போட்டா அவன் எந்திரிச்சிப் போய் ரோட்டு முக்குல காத்திருப்பான், இவளும் ஓடிருவா. போலீசுக்குப் போனா என்னன்னு சொல்றது, டிப்ஸ் குடுத்தான்னா? அந்த நேரத்துல எனக்கு எப்பிடி வந்துச்சோ தெரியல, அவ கையில இருந்த நோட்டப் பிடுங்கி மேல தூக்கிப் பிடிச்சுக் கத்தினேன். "எல்லாரும் வாங்க! ஐயா நமக்கு ஐயாயிரம் டிப்ஸ் குடுத்திருக்காரு, வந்து கும்பிட்டுட்டுப் போங்க!"

சமைக்கிற கோக்கி அண்ணன் கரண்டியோட வந்தாரு. கோப்பை கழுவுறவர் ஈரக்கையோட வந்தாரு. வாசல்ல நிக்கிற செக்குரிட்டி வந்தாரு, என்னமோ ஏதோன்னு மெனேஜரும் வந்துட்டாரு. வரிசையா நின்னு "பொஹோம ஸ்தூதி மாத்தயா"ன்னு சிங்களத்துல நன்றி சொல்லி ஆளுக்கொரு கும்பிடு. ஒண்ணும் புரியாத வெள்ளக்காரங்க கை தட்டுறாங்க. கடை முழுக்க அவன் மொகத்தத்தான் பாக்குது.

"எதுக்கு இதெல்லாம்"ன்னான். மொகம் கறுத்துப் போச்சு.

"நல்லது செய்யிற மொகத்த நாலு பேரு தெரிஞ்சு வச்சுக்கணும் இல்லீங்களா ஐயா"ன்னேன். அப்பிடியே செக்குரிட்டி பக்கம் திரும்பினேன். "செக்குரிட்டி அண்ண, ஐயாவோட வண்டி நம்பர எழுதி வைங்க. அடுத்த தடவ வந்தா நல்ல எடமாப் பாத்து நிப்பாட்டிக் குடுக்கணும்."

அவன் டீயக் குடிக்காமயே எந்திரிச்சிப் போய்ட்டான். நான் குசினிக்குள்ள போய் ஒரு வாளியக் கவுத்துப் போட்டு உக்காந்துட்டேன்.

வேல முடிஞ்சு ஹட்டன் பஸ் ஏறுற வரைக்கும் அவ கையப் பிடிச்ச பிடிய நான் விடல. ரோட்ல வர்ற ஒவ்வொரு வண்டியையும் பாத்தேன். பஸ்ல உக்காந்ததும் அவ அழுக ஆரம்பிச்சா. "என் காச எடுத்துப் பெட்டியில போட்டுட்டீங்க, என் வேலையையும் கெடுத்துட்டீங்க. நீங்க நல்லா இருப்பீங்களா?" போடி போ, நல்லாத் திட்டுன்னு விட்டுட்டேன். திட்டுறதுக்கு ஆள் பக்கத்துல இருக்குதே, அது போதும்.

அப்பத்தான் அவ பேக்குக்குள்ள போன் அடிச்சுச்சு. அவகிட்ட இருக்கிறது ஒடஞ்ச கண்ணாடி போன். வெளிய எடுத்தது பளபளன்னு புதுசு.

"இது ஏது?"

"அவரு குடுத்தது"ன்னா, சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு.

பிடுங்கிக் காதுல வச்சேன். "தங்கச்சி, அந்தப் பொம்பளை போயிட்டாளா?"ன்னு அதே கொரல்.

"நான் அவ அம்மா பேசுறேன்."

அந்தப் பக்கம் லேசா ஒரு சிரிப்பு. "அம்மா குவைத்துலல்ல இருக்காங்க? வர இன்னும் ஒரு வருசம் ஆகும்னு தங்கச்சி சொன்னாங்களே."

நெசந்தான். அவ அம்மா அங்க ஒரு வீட்ல வேல செய்யிறா. கேக்க ஆள் இல்லாத வீடுன்னு தெரிஞ்சு வச்சுக்கிட்டுத்தான் இவன் டிப்ஸ் வச்சிருக்கான். புள்ள இப்ப என்னைத்தான் பாத்துக்கிட்டு இருந்தா.

"வந்துட்டேன்"னேன். "நேத்தே வந்துட்டேன்."