பன்னிரண்டு வோல்ட் போதும்

எங்கள் இரும்புலியூரில் மழை பெய்து தெருவில் தண்ணீர் நின்றால் அம்மாவுக்குக் குலை நடுங்கும். தண்ணீரில் கரண்ட் இருக்கும், யாராவது விழுந்து கிடந்தால் தொடவே கூடாது, தொட்டால் நீயும் போய்விடுவாய் என்று சோற்றோடு சேர்த்து ஊட்டித்தான் என்னை வளர்த்தாள். ஏழு வயதில் பேய், பூச்சாண்டியெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. கரண்ட் ஒன்றுதான் பயம்.

அந்த நேரம் பார்த்துச் சித்தப்பா ஒரு பழைய வேனை வாங்கி, கட்டில், அடுப்பு எல்லாம் வைத்து, ஊர் சுற்றும் வீடாக்கக் கிளம்பினார். பேட்டரிகளை நாற்பத்தெட்டு வோல்ட்டாக இணைக்கப் போகிறேன் என்றதும் அம்மா பிடித்துக்கொண்டாள். லாரிக்கே இருபத்துநாலுதானாம்; நாற்பத்தெட்டு என்றால் பிள்ளையை ஏற்றவே மாட்டாளாம். நானும் அந்த எண்ணைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டேன். கடைசியில் காரில் இருப்பதுபோலப் பன்னிரண்டு என்று முடிவானது.

"பன்னெண்டுன்னா ஒயர்ல ஓடுற கரண்ட் நாலு மடங்கு அண்ணி. கட்டைவிரல் மொத்தத்துக்கு ஒயர் போட்டாகணும்," என்றார் சித்தப்பா.

அப்பாவுக்கு எதிலும் கை வைக்காவிட்டால் தூக்கம் வராது. சித்தப்பா வேலைக்கும் அம்மா கடைக்கும் போயிருந்த நேரத்தில், வீடு கட்டியபோது மிஞ்சிய மெல்லிய ஒயரைப் பரணிலிருந்து இறக்கினார். "நம்ம வீட்டு ஏசியே இதுலதான் ஓடுது பாப்பா," என்று என்னிடம் சொல்லிக்கொண்டே பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் அதையே இழுத்து, மேலே பலகையும் அடித்துவிட்டார்.

அன்று சாயங்காலம் சித்தப்பா வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், புதுவீட்டுக்குக் காய்ச்சுவதுபோல அம்மா வேனுக்குள் கரண்ட் அடுப்பில் பால் வைத்துவிட்டாள். பொங்குவதற்கு முன்பே ரப்பர் கருகும் நாற்றம். நான் உட்கார்ந்திருந்த கட்டிலுக்கு அடியிலிருந்து புகை. அம்மா அலறிக்கொண்டு கையை நீட்டினாள். நான் பிடிக்கவில்லை. அவள் உடம்பில் கரண்ட் ஏறியிருக்கும் என்று நினைத்தேன். மூலையில் ஒடுங்கிக்கொண்டு, தொடாதம்மா, தொடாதம்மா என்று அழுதேன்.

சித்தப்பாதான் பாய்ந்து வந்து என்னை அள்ளி வெளியே போட்டார். திரும்ப உள்ளே போய், பலகையைப் பெயர்த்து, எரிந்த ஒயரை வெறுங்கையால் பிடுங்கினார்.

அம்மா அவரைத் திட்டித் தீர்த்தாள். சித்தப்பா ஒருமுறை அப்பாவைப் பார்த்தார். பிறகு, "நான்தான் அண்ணி, ஒயரைச் சரியா பாக்காம விட்டுட்டேன்," என்றார்.

அப்பா ஒயர் இழுத்ததைப் பார்த்திருந்தும், இரண்டையும் முடிச்சுப்போடத் தெரியாமல், சொன்னதை நான் அப்படியே நம்பினேன். அதன்பின் வெகுகாலம் அவர் வண்டியில் ஏற மாட்டேன்; அவர் வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். அன்று அவர் கைக்கு மருந்து போட்டவர் அப்பா. ஊதி ஊதிப் போட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. வெந்தது சித்தப்பாவின் கை, இவர் எதற்கு அழுகிறார் என்று புரியாமல் நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.