ஒரு சைபர் குறைந்த டேப்

என் முதல் டேப்பை மெஷினில் மாட்டியது ஒரு திங்கட்கிழமை. எழுபதுகளில் நடந்தது இது. ஸ்கிரீனைப் பார்த்துப் புரோகிராம் தட்டும் இன்றைய பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு எண்களைப் படித்துத் தானே ஓடும் என்.சி. மெஷினுக்குப் புரோகிராம் என்றால் ஓட்டை போட்ட காகித டேப்தான். ஓர் இலக்கத்துக்கு ஒரு வரிசை ஓட்டை. மெஷின் அதைப் படித்து டேபிளை நகர்த்தும், டிரில்லை இறக்கும். டேப்பில் தப்பு இருந்தால் தப்பான இடத்தில் இறக்கும், அவ்வளவுதான்.

நான் டூல் ரூமில் ஃபைல் என்கிற அரம் பிடித்துக்கொண்டிருந்து, புரோகிராமர் டிரெயினிங்குக்கு வந்தவன். செக்‌ஷன் இன்சார்ஜ் ராகவன் சார் முதல் நாளே சொல்லிவிட்டார். "முதல் டேப்புல எங்கனா முட்டினே, மறுபடி ஃபைல் புடிக்கத்தான் போகணும்." சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை. எனக்கு முன்னால் வந்தவனை அப்படித்தான் அனுப்பினார்.

டேப்பை வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டைகளைப் புரோகிராம் ஷீட்டோடு ஒத்துப் பார்ப்பதும் டிரெயினிங்கில் சேர்த்திதான். அதற்காக அவரே சனிக்கிழமை டேப்பை என்னிடம் கொடுத்து அனுப்பினார். சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டில் தறி மேடை போக மிச்சமிருந்த மூலையில் உட்கார்ந்து, ஞாயிறு மதியம் வரை பார்த்தேன். எல்லாம் சரி. சாயங்காலம் சற்று காலாற நடந்துவிட்டு வந்தேன். சோறு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை.

திங்கட்கிழமை ஆபரேட்டர் ஏகாம்பரம் டேப்பை மாட்டினார். நான் ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்தி ஓட்டச் சொன்னேன்.

"இன்னாப்பா, இப்டி ஓட்டினா பொழுது பூடும்," என்று சிரித்தார். ஓட்டவும் செய்தார்.

டிரில் போட வேண்டிய மூன்றாவது துளைக்கு டேபிள் நூற்றிருபத்தைந்து மில்லிமீட்டர் போக வேண்டும். பன்னிரண்டரையில் நின்றுவிட்டது. டிரில்லுக்கு நேர் கீழே, வேலைத்துண்டை இறுக்கிப் பிடித்திருந்த இரும்பு கிளாம்ப். அதன்மேல் கிடந்த பிசிறை பிரஷ்ஷால் தள்ளிக்கொண்டிருந்தது ஏகாம்பரத்தின் கை. அடுத்த வரி டிரில்லை இறக்கும் வரி; அவருடைய இன்னொரு கை அதை ஓட்டும் பட்டனில்.

"கையெடுங்கண்ணே," என்று கத்தினேன். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

ராகவன் சார் வந்தார். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கில், ஷீட்டில் 12500 சரியாக இருந்தது. டேப்பில் 1250. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். இரண்டு சைபருக்கு நடுவில் டேப் கிழிந்து, ஒரு சைபர் மேல் இன்னொரு சைபரை வைத்து ஒட்டியிருந்தது. ஓட்டைக்கு ஓட்டை அப்படியே பொருந்தியிருந்தது. விரலால் தடவினாலும் தெரியவில்லை. தறியில் பாவு நூலுக்குப் போடும் கஞ்சியின் வாசனை மட்டும் லேசாக வந்தது.

"யாருப்பா ஒட்டினது?" என்றார் ராகவன் சார்.

"வீட்லதான் சார் ஒட்டியிருக்கணும்," என்றேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

அவர் டேப்பைச் சுருட்டினார். "பயந்து பயந்து ஓட்டினியே, அதனால தப்பிச்சே. போ, வேற டேப் பஞ்ச் பண்ணு. இனிமே டேப் ஃபேக்டரி கேட்டைத் தாண்டக்கூடாது," என்றார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் தங்கை தேவகி ஓடி வந்தாள். "மெஷின் ஓடிச்சாண்ணா?"

"டேப்பை நீ ஒட்டினியா?"

"நீ வெளிய போயிருந்தப்ப ராட்டையில மாட்டி அறுந்துடுச்சு. ஓட்டை பிசகாம சேத்துட்டேன்."

"ஏன் சொல்லல?"

"இழை அறுந்தா சேப்போம். அதைப் போயி யார்னா சொல்லிக்கினு இருப்பாங்களா? அதுவும் நீ சோறு தண்ணி இல்லாம கெடந்தே."

நானும் தறியில் எத்தனையோ இழை சேர்த்தவன். ஒன்றையும் யாரிடமும் சொன்னதில்லை. நடந்ததைச் சொன்னேன்.

"கிட்டத்துல யாராச்சும் இருந்தாங்களா?" என்றாள்.

"ஆபரேட்டர் கை இருந்துது."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா எவ்வளவு கூப்பிட்டும் சாப்பிட எழுந்து வரவில்லை.

பிறகு எத்தனையோ பேருக்குப் புரோகிராமிங் சொல்லிக்கொடுத்துவிட்டேன். எல்லோருக்கும் சொல்வது இதுதான். நீங்கள் சரிபார்த்த பிறகு அதை யார் தொட்டார்கள் என்று கேளுங்கள். குரலை உயர்த்தாமல் கேளுங்கள். உயர்த்தினால், அடுத்த முறை ஒட்டியதைச் சொல்ல மாட்டார்கள்.