பதினோராம் நம்பர் பஸ்ஸும் நான்காவது கட்டமும்

ஊசிக்காரி தெருமுனையில் திரும்பினால் போதும், அந்தத் தெருவில் இருக்கிற அத்தனை பேருக்கும் ரத்த அழுத்தம் தானாகவே இருபது புள்ளி இறங்கிவிடும். சரி, இது கொஞ்சம் கூடுதல்தான். உண்மையில் அவளைக் கண்டால் பத்துப் புள்ளி ஏறும். கருவிப் பையோடு அவள் வருவது தெரிந்ததும் பின்கதவு வழியாக நழுவியவர்களைக் கணக்கில் எடுத்தால், ஊரில் நடைப்பயிற்சியைப் பரப்பியவள் அவள்தான் என்று மட்டும் தைரியமாகச் சொல்லலாம்.

பெயர்தான் ஊசிக்காரி. அவள் யாருக்கும் ஊசி போட்டதில்லை. சுகாதார நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாகக் களப்பணியாளர். வீடு வீடாகப் போய் அழுத்தம் பார்ப்பது, மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று கேட்பது, சாப்பிடாவிட்டால் ஏன் என்று கேட்பது, சொன்ன காரணத்தை நம்பாமல் இருப்பது. இந்த நான்கும் அவள் வேலை.

மூன்று வருடத்துக்கு முன் மேலிடத்திலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்து, சுகாதார நிலைய மாடியில் இரண்டு நாள் வகுப்பு எடுத்தார். நல்லது என்று தெரிந்தும் மனிதர்கள் ஏன் செய்வதில்லை என்பது பாடம். இதற்கு இரண்டு நாளா, ஒரு கல்யாணம் செய்து பார்த்தால் ஒரே வாரத்தில் தெரிந்துவிடுமே என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். ஊசிக்காரி முணுமுணுக்கவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டாள். மனிதன் ஒரே தாவலில் மாறுவதில்லை, ஐந்து படிகளில் மாறுகிறான்: நினைத்தே பார்க்காதவன், யோசிக்கிறவன், தயாராகிறவன், செய்கிறவன், விடாமல் செய்கிறவன். வீட்டுக்குப் போனதும் குடும்பத்தையே பென்சிலால் படியேற்றினாள். படுக்கப் போகுமுன் பல் தேய்க்கிற விஷயத்தில் கணவர் முதல் படியில் நின்றார். அவர் தாளை வாங்கி நிதானமாகப் பார்த்துவிட்டு, “இந்தப் படி காத்தோட்டமா இருக்கு, நான் இங்கயே இருந்துக்கறேன்” என்றார்.

வகுப்பு முடிந்ததும் ஆளுக்கு ஒரு கட்டு படிவம் கொடுத்தார்கள். மாத்திரையை நிறுத்தியவர் ஒவ்வொருவருக்கும் ஒன்று நிரப்ப வேண்டும். அதில் ஆறு கட்டம். நோய் தனக்கு வரும் என்று நம்புகிறாரா, வந்தால் பெரிதாகும் என்று நம்புகிறாரா, மருந்தால் பலன் உண்டென்று நம்புகிறாரா, தடை என்ன, நினைவூட்ட யார் இருக்கிறார்கள், தன்னால் முடியும் என்று நினைக்கிறாரா. ஐந்து கட்டங்களை ஊசிக்காரி ஆளைக் கேட்டு எழுதுவாள். நான்காவது கட்டத்துக்கு ஆளைக் கேட்கத் தேவையே இல்லை என்பது அவள் அனுபவம். தடை: அலட்சியம். முதல் நூறு பேருக்குக் கையால் எழுதினாள். விரல் வலித்தது. கடைத்தெருவுக்குப் போய் ‘அலட்சியம்’ என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொண்டு வந்தாள். ஊதா மை. நானூற்றுப் பதினோரு படிவம் நிரம்பி மேலே போயின. இவ்வளவு தெளிவான முடிவு வேறெந்த நிலையத்திலிருந்தும் வரவில்லை என்று பாராட்டுக் கடிதம் வந்தது.

நானூற்றுப் பன்னிரண்டாவது படிவம் அவள் அண்ணனுடையது.

அண்ணன் பதினோராம் நம்பர் பஸ் ஓட்டுநர். காலை ஐந்து மணிக்கு வண்டி எடுத்தால் பகல் ஒன்றரைக்குத்தான் இறங்குவார். வயது ஐம்பத்தொன்று. அவர்கள் அப்பா போனது ஐம்பத்திரண்டில். வேலைக்குக் கிளம்ப சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர் மூன்றாவது பொத்தானோடு நின்றுவிட்டார். துடைத்து வைப்பதற்காக எடுத்த அவருடைய செருப்பு அப்போது மகள் கையில் இருந்தது. அழுத்தம் என்று ஒரு நோய் இருப்பதே அந்த வீட்டுக்கு அதன் பிறகுதான் தெரிந்தது. இப்போது அண்ணனுக்கு மேலே நூற்றுத் தொண்ணூற்றாறு, கீழே நூற்றுப் பன்னிரண்டு. அவர் முதுகுக்குப் பின்னால் தினமும் அறுபது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். டாக்டர் மாத்திரை கொடுத்தார். பதினோரு நாள் சாப்பிட்டார், நிறுத்திவிட்டார்.

“ஏன் அண்ணா நிறுத்தினே?”

“மறந்துபோச்சு பாப்பா.” பாப்பாவுக்கு வயது நாற்பத்தாறு.

“பதினோரு நாள் மறக்கலையே?”

“பன்னெண்டாம் நாள் மறந்துட்டேன்.”

“பதிமூணாம் நாள்?”

“அதுக்குள்ள மறக்கறது பழகிடுச்சு.”

சமையலறையிலிருந்து அண்ணி குரல் கொடுத்தாள். “அவர்கிட்ட பேசறதுக்கு நீ அவர் பஸ் ஹாரன்கிட்ட பேசலாம். அதுவாவது அமுக்கினா சத்தம் போடும்.”

ஊசிக்காரி அண்ணன் என்று பார்க்கவில்லை. நான்காவது கட்டத்தில் ஓங்கிக் குத்தினாள்.

ஆனால் குத்திவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. அடுத்த வருடம் ஐம்பத்திரண்டு. பஸ் நிலையத்துக்கென்று ஒரு போஸ்டர் எழுதி, ஓட்டுநர்கள் ஓய்வெடுக்கும் கொட்டகையில் தானே ஒட்டினாள். ‘பத்து ஓட்டுநர்களில் எட்டுப் பேர் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். நீங்களுமா?’ ஒரு மாதத்தில் மிச்சமிருந்த இரண்டு பேரும் நிறுத்திவிட்டார்கள். அண்ணனுக்கு மட்டும் போஸ்டர் ரொம்பப் பிடித்திருந்தது.

“நான் ஒருத்தன்தான் இப்படின்னு நெனச்சு உள்ளுக்குள்ள கொஞ்சம் வெட்கமா இருந்துச்சு பாப்பா. உன் போஸ்டரைப் பார்த்தப்புறம்தான் மனசு லேசாச்சு.”

தன்னைப் போன்றவர்கள் செய்வதைத்தான் மனிதன் செய்வான் என்று பயிற்சியாளர் சொன்னதும், அதற்குக் கீழே தான் இரண்டு கோடு போட்டதும் அவளுக்கு அப்போது ஞாபகம் வந்தது. ஏணி போட்டு ஏறிப் போஸ்டரைக் கிழித்தாள்.

மிச்சமிருந்தது ஐந்தாவது கட்டம், நினைவூட்டல். ஸ்டியரிங்குக்கு எதிரே எங்கே ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால் அண்ணன் கண்ணில் படும் என்று பார்க்க, ஒரு நாள் லீவு போட்டுவிட்டு பதினோராம் நம்பரில் முதல் நடையிலேயே ஏறி உட்கார்ந்தாள். கையில் பதிவேடு, மடியில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டில். நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று ஊருக்குச் சொல்கிறவள் தானும் குடிக்க வேண்டுமல்லவா. ஏழரை மணிக்குள் பாட்டில் காலி.

எட்டு பத்துக்கு வண்டி நிலையத்தில் நின்றது. ஆறு நிமிடம்தான் நிற்கும். கொட்டகைக்குப் பக்கத்தில் நீலக்கதவு போட்ட புத்தம்புதுக் கழிப்பறை. கதவில் பூட்டு. சாவி, வண்டிகளின் நேரம் குறிக்கும் டைம்கீப்பர் இடுப்பில் தொங்கியது.

“சார், சாவி?”

“எதுக்கும்மா?”

ஊசிக்காரி காலி பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள்.

“தொறந்து விட்டா அசிங்கம் பண்ணிடுவாங்கம்மா. கட்டி அஞ்சு வருஷம் ஆச்சு. எப்படி வச்சிருக்கேன்னு நீங்களே பாருங்க.” அவர் அவளைப் பக்கவாட்டு ஜன்னலுக்கு அழைத்துப் போய்க் காட்டினார். சுவரில் பதித்த டைல்ஸில் முகம் பார்த்துத் தலை சீவலாம். “இதுவரைக்கும் ஒருத்தரையும் உள்ள விட்டதில்ல.”

“நீங்க எங்க போவீங்க?”

“என் வீடு பின்னாடிதான்.”

வண்டி கிளம்பியது. பதினோராம் நம்பர் தடத்தில் நாற்பத்தொரு வேகத்தடை இருப்பதை ஊசிக்காரி அன்றைக்குத்தான் அறிந்தாள். முப்பத்தாறாவதில் முடியவில்லை. அடுத்த நிறுத்தத்தில் குதித்து, தன் பதிவேட்டில் இருந்த ஒரு வீட்டுக் கதவைத் தட்டினாள். “மாத்திரை எல்லாம் சாப்பிட்டாச்சும்மா” என்று பயந்துகொண்டே திறந்த வீட்டுக்காரம்மாளைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். மாத்திரையைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் அவள் திரும்பிய ஒரே வீடு அது.

எதிர்த்திசையில் அண்ணன் வண்டி திரும்பி வந்தபோது ஏறிக்கொண்டாள். பின்சீட்டில் கண்டக்டர் இடம் கொடுத்தார். அவருக்கு ‘சில்லறை’ என்று பெயர், அவரிடம் அது இருந்ததே இல்லை என்பதால்.

“நீங்க எறங்கி ஓடிட்டீங்க அக்கா,” என்றார் சில்லறை, சிரிப்பை அடக்கிக்கொண்டு. “உங்க அண்ணன் எறங்கினா அறுபது பேரும் தலையை நீட்டி எட்டிப் பார்ப்பாங்க.”

“அவருக்கு என்ன?”

“டாக்டர் கொடுத்தது தண்ணி மாத்திரையாமே, ஒண்ணுக்கு வந்துக்கிட்டே இருக்குமாம். காலைல நாலரைக்குப் போட்டுட்டு வண்டி எடுத்தா எட்டு மணிக்கு மனுஷன் நெளிய ஆரம்பிச்சுடுவாரு. பதினோரு நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டினாரு. பன்னெண்டாம் நாள் சிக்னல்ல செவப்பு விழுந்துச்சு, அழாத குறை. எல்லா டிரைவரும் இப்படித்தான் விட்டாங்க.”

“இதை ஏன் என்கிட்ட சொல்லலை?”

“தங்கச்சிகிட்ட இதை எப்படிக்கா சொல்லுவாரு?”

“நீங்களாவது சொல்லியிருக்கலாம்ல?”

“நீங்க கேக்கவே இல்லையே. வந்தீங்க, டமால்னு ஒரு குத்து குத்தினீங்க, போயிட்டீங்க.”

மறுநாள் சுகாதார நிலையத்தில் அவள் அண்ணனுக்குப் புதிதாக ஒரு படிவம் எடுத்தாள். நான்காவது கட்டத்தில், ‘கழிப்பறை பூட்டியிருக்கிறது’ என்று எழுதி டாக்டர் மேசையில் வைத்தாள். டாக்டர் இரண்டு முறை படித்தார்.

“இது நோயாளியோட தடையா, கட்டடத்தோட தடையா?”

“பஸ்ல ஒரு நாள் உக்காந்து பாருங்க சார், ரெண்டும் ஒண்ணுதான்.”

டாக்டர் உட்கார்ந்து பார்க்கவில்லை, நம்பிவிட்டார். காலை ஷிப்டுக்காரர்கள் வண்டியை விட்டு இறங்கிய பிறகு மாத்திரை போடலாம் என்று எழுதிக் கொடுத்தார். பிற்பகல் ஷிப்டில் சிலருக்கு வேறு மாத்திரை.

பிறகு ஊசிக்காரி செய்தது யாரும் செய்யாத காரியம். நானூற்றுப் பதினோரு வீட்டுக்கும் மறுபடி போய், நான்காவது கேள்வியைக் கேட்டாள். ஒருவருக்கு மாத்திரை டப்பாவின் மூடி திறக்க வரவில்லை. ஒருவருக்கு மருமகள் எதிரில் மாத்திரை போட வெட்கம். ஒரு தையல்காரர் நிமிர்ந்து பார்க்காமலேயே, “அலட்சியம்தாம்மா, வேற என்ன” என்றார். அவள் அவருக்கு மனதார நன்றி சொன்னாள். ஸ்டாம்ப் ஒன்றாவது சரியாக விழுந்திருக்கிறது.

மாத்திரையின் நேரம் மாறினாலும் பூட்டு பூட்டாகவே இருந்தது. பழைய பயத்தில் ஓட்டுநர்கள் யாரும் ஆரம்பிக்கத் தயாரில்லை, அண்ணனும்தான். போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுதினாள். பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. டைம்கீப்பர் முகத்தைப் பார்த்ததும், வழக்கம்போல அவர் மேலும் ஒரு முத்திரை குத்தத்தான் கை துடித்தது. அடக்கிக்கொண்டு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“சார், தொறந்து விடறதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?”

அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்த நாளிலிருந்து இப்படி ஒருவரும் கேட்டதில்லை.

“யார் போனாங்க, எப்படி விட்டுட்டுப் போனாங்கன்னு தெரியாதும்மா. கேள்வி வந்தா நான்தானே பதில் சொல்லணும்?”

மறுநாள் அவள் கெட்டி அட்டை போட்ட ஒரு நோட்டோடு வந்தாள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது. பெயர், உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், தரையின் நிலை. டைம்கீப்பர் பக்கங்களைத் தடவிப் பார்த்தார். முகர்ந்துகூடப் பார்த்தார். பிற்பகலில் சாவி ஆணியில் தொங்கியது. ஒரு வாரத்துக்குள் அவரே, யாரும் சொல்லாமல், ‘மாத்திரை போட்டாச்சா’ என்று ஐந்தாவதாக ஒரு பத்தி சேர்த்துக்கொண்டார். ஷிப்டு முடிந்து டிரிப் ஷீட்டைக் கொடுக்க வரும் ஓட்டுநர் அவர் கண்ணெதிரே மாத்திரையை விழுங்கினால்தான் கையெழுத்து. மாரடைப்புக்குப் பயப்படாதவர்கள் அந்தப் பேனாவுக்குப் பயந்தார்கள். கொட்டகையில் புது போஸ்டர் வந்தது: ‘நேற்று மாத்திரை போட்டவர்கள் ஒன்பது பேர்.’ எண்ணைத் தினமும் சாக்பீஸால் திருத்துவது சில்லறையின் வேலை.

அண்ணனுக்கு ஐம்பத்திரண்டு பிறந்த மாதம். ஷிப்டு முடிந்து கொட்டகை பெஞ்சில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துவிட்டார். சாப்பாட்டோடு வந்த அண்ணி பாத்திரத்தைக் கீழே வைக்காமலேயே நின்றாள். சுற்றி ஏழெட்டு ஓட்டுநர்கள், சில்லறை, எழுதுவதற்கு நோட்டோடு டைம்கீப்பர். ஊசிக்காரி பட்டையைச் சுற்றிப் பொத்தானை அமுக்கினாள். பட்டை உப்பியது, மெதுவாக இறங்கியது. எண்கள் ஓடி நின்றன. இருபத்திரண்டு வருடத்தில் அவள் யாருக்கும் ஒரு புள்ளி கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை, சொந்தக் கணவர் உட்பட.

“என்ன பாப்பா?” என்றார் அண்ணன்.

“நூத்தி முப்பத்தெட்டு,” என்றாள்.

சில்லறை விசிலடித்தார். அண்ணி பாத்திரத்தைக் கீழே வைத்தாள். அண்ணன் தன் கையையே யாரோ பரிசாகக் கொடுத்த மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். டைம்கீப்பர் மட்டும் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து கருவியைப் பார்த்தார்.

“நூத்தி நாப்பத்திரெண்டும்மா,” என்றார். “சரியாச் சொல்லுங்க, நான் எழுதணும்.”