பெர்மிட் போட்ட பிஸ்கட்

என் மகளுக்கு முதல் தடவை மூச்சு இழுத்தபோது அவள் இரண்டாம் வகுப்பு. வகுப்பில் யாரோ பிறந்தநாளுக்குக் கொடுத்த மஞ்சள் ஜெல்லி மிட்டாயைத் தின்றபடி அட்டுவம்பட்டி நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள். வாசலில் பையைக் கழற்றும்போதே உதடு தடித்துப் போயிருந்தது. "தொண்டைக்குள்ள அரிக்குதும்மா" என்றாள். கம்பளிப்பூச்சி ஊர்ந்திருக்கும் என்று நினைத்து, "மரத்தடியில போய் நிக்காதன்னு எத்தன தடவ சொல்றது" என்று திட்டிக்கொண்டே விபூதி எடுக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் நெஞ்சு விசிலடிக்க ஆரம்பித்துவிட்டது.

நல்லவேளை, டூரிஸ்ட் வேன் ஓட்டும் என் வீட்டுக்காரர் அன்றைக்கு வெரசா வந்திருந்தார். மூடுபனிக்குள் லைட்டைப் போட்டுக்கொண்டு டவுனுக்கு விரட்டினார். மடியில் கிடந்த பிள்ளையின் ஒவ்வொரு மூச்சுக்கும் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் உயிர் என்னிடத்தில் இல்லை.

ஊசி போட்டு, முகத்தில் மாஸ்க் வைத்து டாக்டரம்மா காப்பாற்றிக் கொடுத்தார். "மஞ்சக் கலர் ஒத்துக்கல போலிருக்கும்மா. பாக்கெட் சாமான் வாங்குறப்ப கவர்ல எழுதியிருக்கறதப் பாத்து வாங்குங்க. கலர் கலந்தது வேண்டாம். அடுத்த தடவ இதவிட மோசமா வரலாம்" என்றார்.

நான் படித்தது எட்டாம் வகுப்பு. இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படிப்பேன், அர்த்தம் தெரியாது. அதைச் சொல்ல வெட்கம். "சரிங்க, சரிங்க" என்று பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கும்.

அதற்குப் பிறகு மளிகைக் கடைக்குப் போவதென்றாலே எனக்குப் பயம். ஒவ்வொரு பாக்கெட்டாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். எறும்பு ஊர்வது போல அத்தனை பொடி எழுத்து. இதில் எது என் பிள்ளையைக் கொல்லும், எது கொல்லாது? கடைக்காரர், "என்னக்கா, பரீட்சைக்குப் படிக்கிறீங்களா?" என்பார். "ஒங்க சோலியப் பாருங்கண்ணே" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு மறுபடியும் படிப்பேன். படிப்பதாவது, வெறித்துப் பார்ப்பேன்.

ஒருநாள், பைனாப்பிள் கிரீம் பிஸ்கட் கவரின் பின்பக்கம், எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் சொல் ஒன்று கண்ணில் பட்டது. பெ, ர், மிட். பெர்மிட்!

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு அப்படியொரு மரியாதை. டூரிஸ்டுகளை பேரிஜம் ஏரிக்குக் கூட்டிப் போக வேண்டுமென்றால் ஃபாரஸ்ட் ஆபீஸ் பெர்மிட் வேண்டும். வெள்ளனே எழுந்து போய் வரிசையில் நின்று வாங்கி வருவார் என் வீட்டுக்காரர். அந்தக் காகிதம் இல்லாவிட்டால் எந்தக் கொம்பனுக்கும் கேட் திறக்காது. "பெர்மிட் இருக்குல்ல, பெறகென்ன பயம்" என்பது அவர் வாயில் எப்போதும் வரும் பேச்சு. பிஸ்கட் கவரை அவரிடம் காட்டினேன். அவரும் எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு, "ஆமா புள்ள, பெர்மிட்னுதான் போட்டிருக்கு. கவர்மெண்டே பாத்து விட்டிருக்கான். தாராளமா குடு" என்றார்.

எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? அன்றிலிருந்து கடையில் அந்த ஒரு சொல்லைத்தான் தேடினேன். அது இருந்தால் பைக்குள் போகும். இல்லாத பாக்கெட்டை, ஒரு கலரும் இல்லாத சாதா பிஸ்கட்டாக இருந்தாலும், திரும்ப வைத்துவிடுவேன். பக்கத்து வீட்டுக்காரிக்கு வேறு பாடம் எடுத்தேன்: "பெர்மிட் பாத்து வாங்குங்கக்கா, சும்மா கண்டதையும் வாங்காதீங்க." என் கொழுப்பைப் பாருங்கள்.

பிள்ளைக்கு அவ்வப்போது தடிப்பு வந்தது. குளிர் என்றேன். புது ஸ்வெட்டர் என்றேன். தடிப்பு வர வர பயம் கூடியது. பயம் கூடக் கூட இன்னும் கவனமாகப் பெர்மிட் பார்த்து வாங்கினேன்.

மே மாதம், சீசன் நேரம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாலோடு நான்கு பிஸ்கட் கொடுத்தேன். கிரீமை நக்கி நக்கித் தின்றாள். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வருகிறேன், பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. உதடு நீலம்.

சவாரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் எங்களை வேனில் ஏற்றினார். அன்று ரோடு முழுக்க வெளியூர் கார்கள். நகர இடமில்லை. அவர் வேன் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, "வழி விடுங்க சார், பிள்ளைக்கு மூச்சு நிக்குது!" என்று கத்தினார். அந்தக் குரலில் அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, அவர் பேசிக் கேட்டதில்லை. பிள்ளையின் தலை என் தோளில் தொய்ந்தது. போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

போகவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தாள். டாக்டரம்மா வெளியே வந்து, "என்னம்மா குடுத்தீங்க?" என்று கேட்டார். கூடையிலிருந்து கவரை எடுத்து நீட்டினேன். "நல்லா பாத்துத்தாங்க வாங்குனேன். பெர்மிட் உள்ளது" என்றேன். சத்தியமாக, கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

அவர் கவரை வாங்கிப் பார்த்தார். கோபப்படவில்லை. விரலை அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் வைத்து, "இதுக்கு அடுத்து என்ன இருக்குன்னு படிங்க" என்றார்.

அடுத்த சொல் நீளம், வாயில் நுழையவில்லை. அதற்கடுத்தது ஃபுட். அதற்கும் அடுத்ததைக் கூட்டினேன். சி, ஓ, எல், ஓ, யூ, ஆர்.

"கலர்" என்றேன்.

"பெர்மிட்டட்னா, போட்டுக்கலாம்னு கவர்மெண்டு விட்டிருக்கற செயற்கைக் கலரும்மா. அது மத்த பிள்ளைங்களுக்கு. உங்க பிள்ளைக்கு ஆகாது."

பள்ளிக்கூடத்தில் படித்த சொல். வானவில் படம் போட்டு டீச்சர் சொல்லிக்கொடுத்தது. இத்தனை வாரமும் என் கண்ணுக்கு முன்னால் இருந்திருக்கிறது. பெர்மிட்டைப் பார்த்ததும் போதுமென்று நிறுத்திவிட்டேன்.

பிறகு நான் கவர் படிக்கக் கற்றுக்கொண்டேன். டாக்டரம்மாவே ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தார். பட்டியல் நீளமாக இருந்தால் வேண்டாம், நம்பர் நம்பராக இருந்தால் வேண்டாம், கோதுமை, சர்க்கரை, உப்பு என்று அடுப்படியில் இருக்கிற பேராக இருந்தால் வாங்கலாம். அவல், கேழ்வரகு மாவு, சாதா ரஸ்க் என்று எங்கள் வீட்டு அலமாரியே வெளுத்துப்போனது. பக்கத்து வீட்டுக்காரியிடமும் போய்த் தப்பை ஒப்புக்கொண்டேன். அதெல்லாம் பிந்திய கதை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் மத்தியானம், வெறும் பால்சோறு பிசைந்து, உருட்டி அவள் வாய்க்கு நேரே நீட்டினேன். பிள்ளை வாயைத் திறக்கவில்லை. பசி கண்ணில் தெரிகிறது, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"ஆ சொல்லு தாயி. வெறும் பாலும் சோறுந்தான்."

"நீ சாப்பிடும்மா மொதல்ல."

சாப்பிட்டேன். இன்னொரு உருண்டை உருட்டிக் கையில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் நகர்ந்து வந்து என் உதட்டையே பார்த்தாள், வீங்குகிறதா என்று. நான் மூச்சு விடுவதைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, தானே எடுத்துச் சாப்பிட்டாள். என் கை அந்த உருண்டையோடு அப்படியே நின்றது.