நாற்பத்து மூன்றாவது இடம்

உலகத்தில் பழிவாங்கினவர்கள் எல்லோரையும் ஒரு பக்கமும் என் சித்தியை மறுபக்கமும் நிற்கவைத்தால், அந்தப் பக்கம் வெட்கப்பட்டுக் கலைந்து போகும். அவர்கள் ஊரை எரித்தார்கள், கோட்டையை இடித்தார்கள். சித்தி ஒரு பட்டியலின் வரிசையை மாற்றினாள். எரிந்த ஊரைத் திரும்பக் கட்டிவிடலாம். வரிசையில் கீழே போனவன் எங்கே போய் நிற்பான்?

சித்தி பஸ் டெப்போவில் டிரைவர்களுக்கு ஷிஃப்ட் போடுகிறவள். முனகும் மின்விசிறி, கால் ஆடும் நாற்காலி, பழைய கம்ப்யூட்டர். இரவெல்லாம் வண்டி ஓட்டினவரைக் காலையிலும் ஏற்றிவிடக் கூடாதே என்று, இரண்டு ஷிஃப்டுக்கு நடுவே தூங்க நேரம் இருக்கிறதா எனப் பார்க்கும் ஒரு பேக்கேஜ் எழுதினாள். பேக்கேஜ் என்றால், புரோகிராம் எழுதுகிறவர்கள் எடுத்துத் தங்கள் வேலையில் பொருத்திக்கொள்ளும் ரெடிமேட் துண்டு. யாரும் எடுக்கலாம், இலவசம். எழுதினவருக்கு மிஞ்சுவது அதன்மேல் இருக்கும் பெயர் மட்டும்தான்.

அதையும் கோட்டு எடுத்துக்கொண்டான். டெப்போவில் கம்ப்யூட்டர் மாட்ட வந்த கம்பெனி ஆள். கொளுத்தும் வெயிலிலும் கோட்டைக் கழற்றமாட்டான், அதனால் நாங்கள் வைத்த பெயர். சித்தியின் பெயரை அழித்து, தன் பெயரைப் போட்டு, அதே பேக்கேஜை வெளியிட்டான். அவசரத்தில் உள்ளே இருந்த உதாரணத்தை மாற்ற மறந்துவிட்டான். அதில், “வாண்டு, காலை ஷிஃப்டுக்கு எழுந்திருக்கமாட்டாள்” என்று இருந்தது. வாண்டு நான்தான்.

சித்தி கேட்டதற்கு, “நல்ல ஐடியா எல்லாருக்கும் தோணும் மேடம்” என்று பதில் வந்தது. பேக்கேஜ் தேடுகிறவர்கள் பார்க்கும் பொதுப் பட்டியலில் அவன் முதல் இடம், சித்தி அறுபத்தேழு. அவ்வளவு தூரம் யார் இறங்கி வந்து பார்க்கப்போகிறார்கள்?

“அவனைத் திட்டப்போறதில்லடி. தொலைக்கப்போறேன்” என்றாள் சித்தி.

பட்டியல் டவுன்லோடு எண்ணிக்கைப்படி ஓடியது. சித்தி பதிவுகளைத் தோண்டினாள். கோட்டு கம்பெனியின் மிஷின்கள் ஒவ்வொரு சோதனைக்கும் அதே பேக்கேஜைப் புதிதாக இறக்கிக்கொண்டிருந்தன, தினமும் ஆயிரம் தடவை. வெளியே அதை உபயோகித்தவர்கள் பதினோரு பேர். சித்தி அந்தப் பட்டியலுக்குப் புதிதாக ஒரு தேடல் பக்கம் செய்தாள். ஒரு மிஷின் எத்தனை தடவை இறக்கினாலும் ஒன்றுதான். உபயோகிக்கிறவர்கள் பேக்கேஜுக்கு அடியில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறவர் மேலே போவார். ரிப்பேர் செய்யாமல் போட்டுவைத்தவர் இறங்குவார்.

எனக்கும் வேலை கொடுத்தாள். “பேக்கேஜ் பேர் தெரியாதவங்க தேடுறப்ப என்னென்ன வார்த்தை தட்டுவாங்க, எழுது.”

“எனக்கு ஒரு மண்ணும் தெரியாதே சித்தி.”

“அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன்.”

கோட்டின் பேக்கேஜுக்கு “சுட்டது”, “அமுக்கினது” என்று எழுதிவைத்தேன். சித்தி பார்த்து அழித்துவிட்டாள்.

“வயித்தெரிச்சல்ல பண்ணேன்னு சொல்லுவான்டி.”

“வயித்தெரிச்சல்லதானே பண்றே?”

“ஆமா. அதனாலதான் ஒரு ஓட்டைகூட இருக்கக் கூடாது.”

பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் தன்னார்வலர்கள் நூலக மாடியில் கூடினார்கள். சித்தி செய்த பக்கத்தை அவர்கள் ஏற்றால் அவள் பெயர் கண்ணில் படும். மறுத்தால் அறுபத்தேழிலேயே கிடக்கும். கோட்டு முன்வரிசையில் உட்கார்ந்து தேடிப் பார்த்தான்.

“என்னோடதக் காணோமே.”

“இருக்கு சார். கீழ போங்க” என்றாள் சித்தி.

போனான்.

“இன்னும் கீழ.”

நாற்பத்து மூன்றாவது இடம். சித்தி கிடந்த அறுபத்தேழுக்கே அவனை அனுப்ப முடியவில்லையே என்று எனக்கு இன்றுவரை வருத்தம். பேக்கேஜுக்கு அடியில், பதில் சொல்லாத கேள்விகள் இருபத்தாறு. முதல் கேள்வியைக் கண்ணாடி போட்ட ஒருவர் உரக்கப் படித்தார். சித்தி என்றைக்கோ கேட்டு வைத்தது அது.

“‘உதாரணத்தில் வரும் வாண்டு யார்?’ யாரு சார் அது?”

“அது... சும்மா ஒரு பேரு” என்றான் கோட்டு.

நான் எழுந்து நின்று வணக்கம் வைத்தேன். “சும்மா இல்ல சார், நான்தான். இவங்க அக்கா பொண்ணு.”

கோட்டு முதல்முறையாகக் கோட்டைக் கழற்றினான். பக்கத்தை ஏற்க எல்லோரும் கை தூக்கினார்கள்.

வீடு திரும்பும் பஸ்ஸில் நான் மட்டும் உம்மென்று இருந்தேன். “உன்னோடது நாலாவதுதானே வந்துச்சு. முதல்ல வந்திருக்கணும்.”

“ஏன், முந்நூத்திப் பன்னெண்டு தடவை இறக்கினியே, பத்தலையா?”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“எல்லாம் நம்ம வீட்டு மிஷின். கோட்டு பண்ண அதே வேலை. ஒண்ணுன்னுதான்டி எண்ணிச்சு.”

“சும்மா விளையாட்டுக்குப் பண்ணேன்.”

“தினமும் காலைல அஞ்சரை மணிக்கா?” சித்தி டிக்கெட்டை மடித்து என் சட்டைப்பையில் வைத்தாள். “நீ எழுந்திருக்கமாட்டேன்னு ஊருக்கே எழுதி வெச்சுட்டேன். வீட்டுக்குப் போனதும் முதல்ல அந்த வரியை மாத்தணும்.”